பேய்க்குக் குரல் கொடுத்தவள்

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுக்கு அலறலக்கா என்று பெயர். யார் வைத்தது என்று அவளுக்கே மறந்துவிட்டது. கதாநாயகிகளுக்குக் குரல் கொடுக்க வேறு ஆட்கள் இருந்தார்கள். காரில் வந்து இறங்குவார்கள், அவர்களுக்கென்று தனி நாற்காலி, தனி பிளாஸ்க். இவளைக் கூப்பிடுவது மற்ற வேலைகளுக்கு. பிரசவ வலி, தீ விபத்து, சாவு வீட்டுக் கூட்டம், கிணற்றில் விழுகிற பெண், அப்புறம் பேய். தொலைக்காட்சித் தொடரிலும் படத்திலும் ஒரு பெண் வாய்விட்டுக் கத்தினால், அது இவள் தொண்டையாக இருக்கப் பாதிக்குமேல் வாய்ப்புண்டு. முகம்தான் ஒருவருக்கும் தெரியாது.

அந்த வேலைக்கும் ஒரு பக்குவம் இருந்தது. வளையலைக் கழற்றி வைத்துவிட வேண்டும். வெறும் வயிற்றோடு போனால் வயிறு இரைவதையும் மைக் பிடித்துவிடும், அதனால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுத்தான் போவாள். ஒரு பழைய தலையணையை வயிற்றோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு கத்தினால் குரல் அடியிலிருந்து வரும் என்று தானாகவே கண்டுபிடித்திருந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் இருப்பார். தடித்த மூக்குக்கண்ணாடி போட்டவர், நாள் முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர். எல்லோருக்கும் அவர் 'கண்ணாடி'தான். இவள் அலறி முடித்ததும், "ஓகேக்கா, டீ குடிச்சிட்டு வந்து அடுத்தவளைக் கொல்லலாம்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை அதே தொண்டையோடு சபைக்குப் போய்ப் பாடகர் குழுவில் இரண்டாம் வரிசையில் நிற்பாள். அவள் பிழைப்பு என்ன என்று சபைக்குத் தெரியும். மூப்பர் ஒருவர் மட்டும் அவ்வப்போது, "வாரம் பூரா பிசாசுக்கு, ஞாயித்துக்கிழமை மட்டும் ஆண்டவருக்கா?" என்று பாதி சிரிப்பாகவும் பாதி நிஜமாகவும் கேட்பார். பாஸ்டர் குறுக்கே விழுந்து, "விடுங்க ஐயா, பிசாசு நேர்ல வந்து கத்தறதுக்கு நம்ம தங்கச்சி கத்தறது தேவலை" என்பார். அவளும் சிரித்துவிட்டுப் போவாள்.

அவளுடைய அம்மா இதற்கு நேர் எதிர். துணிக் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்துத் தைத்தே இரண்டு பெண்களையும் ஆளாக்கியவள், கடைசிவரைக்கும் ஒரு படம்கூடப் பார்த்ததில்லை. சினிமாக் கொட்டகை இருக்கிற பக்கம் நடக்க நேர்ந்தால் எதிர்ப்பக்கமாகக் கடந்துவிடுவாள். கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கிறவன் கிட்டே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சின்ன மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். ஒருநாளும் திட்டியதில்லை. ஆனால் வீட்டு ஜெபத்தில், மகள் காதில் விழும்படி, "இந்தப் பிள்ளையோட வாயை நீரே காவல் காத்துக்கொள்ளும் ஆண்டவரே" என்று ஒரு வரி சேர்த்துச் சொல்வாள். மகளுக்கு அது திட்டைவிடக் கூடுதலாகச் சுடும்.

அந்த அம்மா நோயில் விழுந்து, பெரிய மகள் வீட்டுப் பின்னறையில் கிடந்து, செத்துப் போய்ச் சில வருடம் ஆகியிருந்தபோதுதான் அந்தப் பேய்ப் படம் வந்தது.

படத்தில் பேய்க்கு வசனமே கிடையாது. வெள்ளையடித்த ஒரு வீட்டின் மாடிப்படியில் நின்றுகொண்டு, கொல்லப் போகிற ஆளைக் கீழே பார்த்து ஒரு சத்தம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். டைரக்டர் இளைஞர், பிடிவாதக்காரர். அலறல் வேண்டாம் என்றார். அழுகை வேண்டாம் என்றார். சிரிப்பு, உறுமல், முனகல் எல்லாவற்றையும் கொடுத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் காதுக்குள் அவர் குரல் வந்தது: "இது வேற யாரோ பண்ணிட்டாங்கம்மா. பயமுறுத்தாதீங்க. அவ பாவம், அவளுக்கே பயமா இருக்கு."

மத்தியானத்துக்குமேல் அவளுக்குக் கால் கடுத்தது. தலையணையைக் கீழே போட்டுவிட்டாள். திரையில் மறுபடியும் அந்தப் படிக்கட்டு ஓடியது. இனி முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது. அடித்தொண்டையில் தொடங்கி, மெதுவாக மேலேறி, நடுவில் ஒடிந்து, மறுபடி பிடித்து, கடைசியில் யாரையோ 'இருக்கியா' என்று கேட்பதுபோலத் தூக்கி நின்றது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் கண்ணாடி தன் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். டைரக்டர், "போதும்மா. வீட்டுக்குப் போங்க" என்றார். அவளுக்குப் பாதம் மட்டும் சில்லிட்டிருந்தது. ஏசி அதிகம் என்று நினைத்துக்கொண்டாள்.

படம் ஓடியது. படத்தைவிட அந்தச் சத்தம் ஓடியது. முதலில் போன் மணியாக வந்தது. அப்புறம் அதை வைத்து ஆளாளுக்குச் சின்னச் சின்ன வீடியோ போட்டார்கள்: தூங்குகிற புருஷன் காதருகே வைப்பது, கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு மாமியாரைப் பதற வைப்பது. டிவியில் மிமிக்ரி செய்கிறவர்கள் முக்காடு போட்டுக்கொண்டு அதைச் செய்தார்கள். மெத்தை விளம்பரம் ஒன்றில், மெத்தை வாங்காத குடும்பத்தைப் பார்த்து ஒரு பேய் அப்படிக் கூப்பிட்டது. தெருவில் பிள்ளைகள் ஒளிந்து விளையாடும்போது, கண்டுபிடிக்கப்பட்டவன் ஓடாமல் அந்தச் சத்தத்தைக் கொடுத்தான்.

அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பின்னே இருக்காதா? பாடகர் குழுப் பெண்கள் அவளைச் சுற்றி நின்றுகொண்டு, "ஒரு தடவை, மெதுவா, யாருக்கும் கேக்காம" என்று கெஞ்சினார்கள். அவள் புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். "என் பொண்டாட்டிதான்னு சொன்னேன், வேன்ல ஒரு பிள்ளையும் நம்பல. நாளைக்கு நீயே ஏறி வந்து ஒரு கூப்பாடு போடு, ஒரு வாரத்துக்கு எவனும் ஜன்னலுக்கு வெளிய கையை நீட்ட மாட்டான்" என்றார்.

அவளுடைய அக்கா வந்தது அந்தச் சமயத்தில்தான்.

அக்காவுக்கு மருந்துக்கடையில் வேலை. சொல்லாமல் கொள்ளாமல் வேலை நாளில் வருகிற ஆள் அல்ல. வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றாள்.

"அதை எங்கேருந்துடி எடுத்த?"

"எதைக்கா?"

"நடிக்காத. படிக்கட்டுல நின்னு கூப்பிடுதே, அதை."

"எடுத்ததெல்லாம் இல்ல. அந்த டைரக்டர் என் உயிரை வாங்கினாரு. அதுவா வந்துச்சு."

அக்கா அவளையே பார்த்தாள். "கடைல ஒருத்தர் மாத்திரை வாங்க வந்தாரு. அவர் போன் அடிச்சுது. என் கையில இருந்த மாத்திரை அட்டை கீழ விழுந்துருச்சு. எனக்கு ஒரு நிமிஷம் நான் எங்க நிக்கிறேன்னு தெரியல." குரல் தணிந்தது. "பாப்பா, அது அம்மா."

சின்னவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. பாதத்திலிருந்து அந்தச் சில்லிப்பு ஏறி வந்தது. இந்தத் தடவை ஏசி என்று சொல்ல வழியில்லை.

அம்மா செத்த மத்தியானம் இரண்டு பேரும் அந்தப் பின்னறையில் இருந்தார்கள். அம்மா பேச்சை நிறுத்தி இரண்டு நாள் ஆகியிருந்தது. அக்கா டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தங்கை ஜன்னல் துணியை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். அப்போது பின்னால் இருந்து அந்தச் சத்தம் வந்தது. இந்த உடம்புக்குள் இன்னும் இவ்வளவு குரல் இருக்கிறதா என்று திகைக்க வைக்கிற சத்தம். அவர்கள் திரும்பிப் போய்க் கையைப் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதன்பிறகு அழுகை, ஆட்கள், அடக்கம், நன்றி சொல்வது என்று நாள்கள் ஓடின. அந்தச் சத்தத்தைப் பற்றி மட்டும் இருவரும் ஒருவரிடம் ஒருவர் பேசிக்கொண்டதே இல்லை.

இப்போது பேசினார்கள்.

"உன்னைத்தான் கூப்பிட்டாங்க" என்றாள் அக்கா. "கடைக்குட்டி. எப்பவும் உன்னைத்தான் தேடுவாங்க."

"என்னையா? நீதானே பக்கத்துல இருந்த. தண்ணிக்கு உன்னைக் கூப்பிட்டாங்க."

"அது தண்ணி கேக்கற சத்தமாடி?"

இத்தனை வருடமும் அக்கா, அம்மா தங்கையைக் கூப்பிட்டாள் என்று நினைத்திருந்தாள். தங்கை, அக்காவைக் கூப்பிட்டாள் என்று நினைத்திருந்தாள். உடனே திரும்பிப் போகாததற்கு இருவருக்கும் அதுதான் மனசுக்குள் இருந்த சமாதானம். அன்றைக்கு அந்தச் சமாதானமும் போனது.

"சினிமாக் கொட்டகை வாசலை மிதிக்காத மனுஷி" என்று சொல்லிக்கொண்டே அக்கா படியிறங்கிப் போனாள்.

அதன்பிறகு தங்கையால் தெருவில் நடக்க முடியவில்லை. பேருந்தில் பின் இருக்கையில் அம்மா கூப்பிட்டாள். காய்கறிக் கடையில், தராசுக்குப் பக்கத்தில் வைத்திருந்த போனுக்குள் இருந்து கூப்பிட்டாள். பல் டாக்டரிடம் காத்திருந்தபோது, எதிரே ஒரு குழந்தை, பேச்சுகூடச் சரியாக வராத குழந்தை, அம்மாவின் சத்தத்தைப் போட்டுக் கைகொட்டிச் சிரித்தது. ஒவ்வொரு முறையும் அவள் திரும்பினாள். அன்றைக்குத் திரும்பத் தாமதமானதற்கெல்லாம் சேர்த்து இப்போது கழுத்து தானாகத் திரும்பியது. புருஷன் கவனித்துவிட்டு, "ஏம்மா, கழுத்து சுளுக்கா?" என்று தைலம் வாங்கி வந்தார். அவரிடம் சொன்னாள். வேடிக்கைக்காரர்தான், ஆனால் அதற்குமேல் ஒரு வார்த்தை வேடிக்கை பேசவில்லை. தன் போனில் வைத்திருந்த மணியை அன்றே மாற்றினார்.

ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, அம்மா சாதாரணமாகப் பேசுகிற குரலை நினைத்துப் பார்த்தாள். 'குடை எடுத்துக்கிட்டியா' என்று கேட்பது. வாசலில் நின்று பெயரைச் சொல்வது. காலர் சரியாக மடியாவிட்டால் ஊசியை வாயில் வைத்துக்கொண்டே திட்டுவது. வார்த்தைகள் வந்தன, குரல் வரவில்லை. குரல் இருக்க வேண்டிய இடத்தில் அந்த ஒரு சத்தம்தான் நின்றது. குழாயை மூடாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

பாஸ்டரிடம் போனாள். அவர் பீடத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, தளர்ந்துபோன மைக் கம்பிக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார்.

"அம்மா கர்த்தருக்குள்ள இருக்காங்க. அதுல உனக்குச் சந்தேகம் இல்லையே?"

"இல்ல ஐயா. அவங்க போயிட்டாங்க. அவங்க சத்தம் மட்டும் போகாம இங்க மாட்டிக்கிச்சு. நான்தான் பிடிச்சு வெச்சுட்டேன். காவல் காத்துக்கொள்ளும்னு ஜெபம் பண்ணின வாயாலேயே பிடிச்சு வெச்சுட்டேன்."

"தெரிஞ்சா செஞ்ச?"

"தெரியாம செஞ்சேன். அதான் பயமா இருக்கு. இன்னும் என்னென்ன என் உள்ள இருக்குன்னு தெரியல."

பாஸ்டர் டேப்பைக் கடித்து அறுத்தார். பிறகு, "எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலம்மா. சும்மா ஒரு வசனத்தைச் சொல்லி உன்னை அனுப்பிடலாம். அது உனக்குப் பத்தாது" என்றார். தலையில் கைவைத்து ஜெபித்தார். அந்த ஜெபம் நெடுநேரம் வார்த்தையில்லாமல் போனது. அவள் கண்ணை மூடியிருந்தாள். பயந்தபடியே, அந்த அமைதிக்குள்ளும் அது கேட்டது.

படத்துக்கு இரண்டாம் பாகம் வருகிறதென்று ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். நேரில் போய் முடியாது என்று சொல்லிவிட்டு, வெளியே வந்த ஒலிப்பதிவாளரைப் பிடித்தாள்.

"அதை அழிச்சிடுங்க."

"நீங்க வராட்டியும் பழசையே போட்டுக்குவாங்கக்கா. இங்க அழிச்சா மட்டும்? ஊர் வாய்ல இருக்கறதை எங்க போய் அழிக்கறது?" அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கழற்றினால் அவர் முகம் வேறு யாருடைய முகமோ போலிருந்தது. "ஒண்ணு சொல்லட்டுமா? அன்னிக்கு நான் ஹெட்போனைக் கழட்டினது சத்தம் அதிகம்னு இல்ல. யாரோ என்னைக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. பின்னாடி திரும்பிப் பாத்தேன். டைரக்டரும் திரும்பினாரு. ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசிக்கல."

அந்த வார்த்தை அவளுக்கு ஆறுதலும் தரவில்லை, பயத்தையும் கூட்டவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கூடவே வந்தது.

அந்த வருடம் சிலுவைப்பாடுகளை நினைக்கிற பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில் வேத வாசிப்பு அவள் முறை. மாற்றிக் கொடுக்கச் சொல்லலாமா என்று யோசித்தாள். சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகிய பகுதிதானே என்று ஒப்புக்கொண்டாள். அக்காவும் அன்றைக்கு வந்து நடு வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வாசித்துக்கொண்டே போனவள், ஆண்டவர் சாகிற நேரத்தில் உரக்கக் கூப்பிட்ட இடத்துக்கு வந்தாள். கூப்பிட்டதைப் பக்கத்தில் நின்றவர்கள் சரியாகப் புரிந்துகொள்ளாமல், வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்த இடம். நூறு முறை கேட்டிருப்பாள். இத்தனை நாளும் அந்த வரியில் அவள் நின்றதே இல்லை.

அன்றைக்கு நின்றுவிட்டாள்.

சபை காத்திருந்தது. யாரோ இருமினார்கள். பாஸ்டர் எழுந்து வரலாமா என்று பார்த்தார். மைக்கில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. அடித்தொண்டையில் ஏதோ திரண்டு மேலே வருவது அவளுக்குத் தெரிந்தது. எச்சிலை விழுங்கினாள். மறுபடி விழுங்கினாள். பிறகு தன் சாதாரணக் குரலில், கடைக்குப் போய்ச் சாமான் கேட்கிற குரலில், மிச்சத்தை வாசித்து முடித்து இறங்கினாள்.

வெளியே செருப்புகளுக்கு நடுவே அக்கா காத்திருந்தாள்.

"அங்க நின்னவங்களுக்கும் புரியலையாமே" என்றாள்.

"ம்."

"அவ்வளவு பேர் பக்கத்துல நின்னும்."

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தம்வரை வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அப்படி நடந்ததில்லை.

ஊருக்கு எதுவும் ரொம்ப நாள் இனிக்காது. பருமனான ஒரு நகைச்சுவை நடிகர் இடுப்பை ஆட்டிக்கொண்டு சொன்ன ஒரு வாக்கியம் வந்தது. எல்லா வாயும் அதற்கு மாறின. போன் மணிகள் மாறின. பிள்ளைகள் மாறினார்கள். இரண்டாம் பாகம் வந்த சுவடு தெரியாமல் போனது. பேருந்தில் போகும்போது ஒருநாள், திரும்பாமலே இறங்கும் இடம் வந்துவிட்டதை அவள் கவனித்தாள். நிம்மதியாக இருக்க வேண்டும். ஆனால் இறங்கி நின்றபோது, அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்துபோன வாசலில் நிற்பதுபோல இருந்தது.

வேலையை விடவில்லை. பிரசவ வலிக்கும் தீ விபத்துக்கும் போனாள். சாகிற காட்சி என்றால் மட்டும் மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "அலறலக்கா உயிர்ப்பிச்சை கொடுக்க ஆரம்பிச்சுட்டாங்க" என்று கண்ணாடி எல்லோரிடமும் சொன்னார்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை காலையில் அக்கா போன் செய்தாள். "வீட்டுக்கு வரியா? ஒண்ணு கேக்கணும்."

அக்கா புருஷன் கப்பலில் வேலை பார்க்கிறவர். அம்மா செத்த சமயத்தில் விடுப்பில் வீட்டில் இருந்தவர், அப்புறம் வந்தும் போயுமாக இருந்து, கடைசியாக ஒரு நீண்ட ஒப்பந்தத்தில் போய் முந்தின நாள்தான் திரும்பியிருந்தார். பெட்டிகூடப் பிரிக்கவில்லை. பின்னறையில், அம்மா கிடந்த அதே அறையில், குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அக்கா அவளைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். "உன் போன்ல அது இருக்கா?"

"எதுக்கு?"

"எனக்கு அம்மா குரல் மறந்துட்டே வருதுடி. முகம் இருக்கு. நடை இருக்கு. குரல் இல்ல. ஒரு கல்யாண வீடியோவுலகூட அவங்க பேசினது கிடையாது. நான் அன்னிக்கு உன்கிட்டக் கத்தினேன். இப்ப அதை விட்டா எனக்கு வேற என்ன இருக்கு?"

தேடி எடுக்கக் கொஞ்ச நேரமானது. யாரும் தேடாததால் எங்கோ அடியில் கிடந்தது. இருவரும் அடுப்பு மேடையில் போனைச் சாய்த்து வைத்துக் குனிந்துகொண்டார்கள். முதலில் படத்தின் இசை, காலடி ஓசை, மரக்கதவு கிறீச்சிடுவது. பிறகு அது.

அக்கா கண்ணை மூடிக் கேட்டாள். "இன்னொரு தடவை" என்றாள். மூன்றாவது தடவை கேட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"இது அம்மா இல்லடி."

"நீதானேக்கா சொன்ன?"

"சொன்னேன். இப்பக் கேட்டா இல்ல. இது நீ. நல்லாக் கேளு, உன் குரல்தான். அம்மாவை நான்தான் அதுமேல ஏத்தி வெச்சுட்டேன் போல."

தங்கை மறுபடி ஓட்டினாள். உன்னிப்பாகக் கேட்டாள். அம்மா என்று நினைத்துக் கேட்டால் அம்மா. தான் என்று நினைத்துக் கேட்டால் தான். நடுவில் அது ஒடிகிற இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை நாள் தன்னைத் துரத்தியது அம்மாவின் சத்தமா, தன் சத்தமேதானா? எது பெரிய பயம் என்றும் தெரியவில்லை. ஓட்டினாள். இன்னொரு முறை ஓட்டினாள்.

"போதும், நிறுத்து" என்றாள் அக்கா.

நிறுத்தினாள். அடுத்த நொடி பின்னறையில் கட்டில் கிறீச்சிட்டது. அக்கா புருஷன் தூக்கம் கலையாத குரலில், பயணக் களைப்பில் எந்த வருடம் என்பதையே மறந்தவர்போல, அங்கிருந்தே கேட்டார்:

"ஏம்மா, அத்தை கூப்பிடறாங்க பாரு. யாரும் போகலையா?"

சகோதரிகள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்லங்க" என்றாள் சத்தமாக. "டிவி."